வல்லின றகரம்

பிரெஞ்சு நிரம்பிவிட்டது.
மிச்சமிருந்த கட்டத்தில் டிக் அடித்தேன்:
ஸ்பானிஷ், தொடக்கநிலை, இரண்டு கிரெடிட்,
சனிக்கிழமைகளில், மின்விசிறி முனகும் மேல்மாடி அறை.

பெரோ என்றால் ஆனால்.
பெறோ என்றால் நாய்.
நாகர்கோவிலுக்கு வந்து படிக்கும்
கோயம்புத்தூர் கவினயா முதல்
முன்வரிசை முழுக்க
'ஆனால் குரைக்கிறது' என்றே வாசித்தது.

மிஸ் என்னைப் பார்த்தார்.
குறும்பனையில்
கறியையும் கரியையும் குழப்பினால்
சோறு இறங்காது.
நுனிநாக்கை மேலண்ணத்தில் ஒட்டி
வள்ளத்து எஞ்சினை ஒரே இழுப்பில் கிளப்புவதுபோல்
உருட்டிவிட்டேன்,
நாயை.
சென்னையில் 'நீ மலையாளமா?' என்று
கேட்க வைத்த அதே நாக்கு.

அடுத்த வாரமே சறுக்கல்.
இந்த மொழியில் 'இரு' இரண்டு:
என்றைக்கும் என்றால் ஒன்று,
இப்போதைக்கு என்றால் மற்றொன்று.
அப்பா கடலில் இருக்கிறார்.
யோசித்து
என்றைக்குமானதைப் போட்டேன்.
சிவப்பு மையில் வட்டம்:
ஆள் எங்கே என்பதற்கு
எப்போதும் இப்போதைக்குத்தான்.

கருங்கலில் பஸ் மாறி இறங்கும்போது
வெயில் சாய்ந்திருந்தது.
ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரையில்
சாளை வாசத்தில் சுருண்டு கிடந்ததை
பெறோ என்று கூப்பிட்டேன்.
ஒரு காதை மட்டும் தூக்கியது,
பெரோ
எழுந்து வரவில்லை.