ஒரு மதிப்பெண் கூடுதல்

மழலையர் வகுப்பின் குட்டி நாற்காலிகள்தாம்
மிச்சமிருந்தன.
முழங்கால் மோவாயை இடிக்க
ஆறு பேர் உட்கார்ந்தோம்.
வெளியே மொன்டானாவின் மார்ச் மாதப் பனி
உருகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

லோர்னா யாகிச்
டயர் கடைச் சீருடையிலேயே வந்திருந்தாள்.
சோதிக்கலாம் என்று அவள் கையெழுத்துப் போட்டு
ஐம்பத்தெட்டு நாள்.
கெடு முடிய இன்னும் இரண்டு.

நான் பள்ளியின் உளவியலாளன்.
அவள் மகன் டோபினை
மூன்று காலை வேளைகள்
துடைப்பங்கள் வைக்கும் அறையில் உட்காரவைத்துச்
சோதித்தவன்.

எண்பத்தாறு, என்றேன்.
எங்கள் மாவட்டம் கிழித்த கோடு எண்பத்தைந்து.

"எண்பத்தாறு நல்லதா?"

எப்படிச் சொல்வது.
ஏறி ஏறித்தான் தகுதி பெற்றோம் எல்லோரும்.
இந்த ஒரு மேசையில் மட்டும்
இறங்கி வந்தால்தான் தகுதி.
உங்கள் பிள்ளை
இன்னும் கொஞ்சம் தோற்றிருக்கலாம், அம்மா.

"தேர்ச்சி பெறுகிறானே" என்றார் வகுப்பாசிரியர்,
ஆறுதல் போல.
முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார்.
படிவத்தில் பதின்மூன்று கட்டங்களும்
வெறுமையாய்.

அவள் பையிலிருந்து
ஒரு நூலகப் புத்தகத்தை எடுத்தாள்.
குளிர்கால உறக்கத்தைத் தவறவிட்ட கரடியின் கதை.

"தினமும் இதை வாசித்துக் காட்டுவான்,
ஓர் எழுத்துப் பிசகாமல்.
நேற்று வாசிக்கும்போது
இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பினேன்.
அவன் நிறுத்தவில்லை.
பனியே இல்லாத பக்கத்தில்
பனி பெய்துகொண்டே இருந்தது."

யாரும் பேசவில்லை.
பேச்சுப் பயிற்சியாளர் ஹெல்வி மட்டும்
"யார் வாசித்துக் கேட்டான்?" என்றாள்.

"அக்கா.
செப்டம்பரில் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டாள்.
அப்புறம் அவன்
புதுப் புத்தகம் எதுவும் வாசிக்கவில்லை."

ஒற்றை எண்ணை வைத்து முடிவு செய்யாதே என்று
அதே சட்டம்தான்
வேறொரு பத்தியில் சொல்கிறது.
பக்கம் புரட்டி எடுத்தேன்.
பன்னிரண்டு வருட வேலையில்
இந்தப் பத்தியை எத்தனை முறை தேடாமல்
கோப்பை மூடியிருக்கிறேன்
என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டேன்.

கற்றல் குறைபாடு என்ற கட்டத்தில்
டிக் அடித்தேன்.
படிவம் மேசையைச் சுற்றியது.
ஆறு கையெழுத்துகள்,
ஐந்து நீல மையில், ஒன்று பென்சிலில்;
அதை அழித்து மறுபடி போடச் சொன்னோம்.

"வாழ்த்துகள்" என்றார் முதல்வர், பழக்கத்தில்.

நன்றி சொல்ல வாயெடுத்தவள்
இது நன்றி சொல்லும் இடமா என்று
என் முகத்தைப் பார்த்தாள்.
எனக்கும் தெரியவில்லை.

எழுந்தாள்.
குட்டி நாற்காலியும் அவளோடு
ஒட்டிக்கொண்டு எழுந்தது.
முதலில் சிரித்தவள் அவள்தான்.