'தோழி' என்று மாற்றவும்

ஒரு வரிக்கு முப்பத்தாறு எழுத்து.
மேலே போனால் பெட்டி சிவக்கும்.
செந்தூல், பதினோராவது மாடி, இரவு இரண்டு மணி.
தாய்லாந்துப் பெண்கள் இருவர் அழுவதைத்
தமிழில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.
நிமிடத்துக்கு எட்டு வெள்ளி.
பேச்சே இல்லாமல் அழும் நிமிடத்துக்கும்
அதே எட்டு வெள்ளி.
அதனால் எனக்கு அழுகை பிடிக்கும்.

ஏழாம் பாகம்.
பிம் மழையில் நிற்கிறாள்.
ஓர்ன் குடையோடு ஓடி வருகிறாள், விரிக்க மறந்துவிடுகிறாள்.
இந்தத் தொடர்களில் குடை அதற்குத்தான்.
"சாப்பிட்டாயா" என்று மட்டும் கேட்கிறாள்.
நான் "பசியாறிட்டியா" என்று போட்டேன்.

மறுநாள் மின்னஞ்சல்:
வட்டார வழக்கு வேண்டாம்.
அதற்குக் கீழே, போகிற போக்கில் இன்னொரு வரி:
'காதலி' வரும் இடமெல்லாம் 'தோழி' என்று மாற்றவும்.

மாற்றினேன்.
பன்னிரண்டு பாகத்தில் நாற்பத்தொரு இடம்,
ஒரே விசை.

"அவள் என் தோழி" என்கிறாள் பிம், தாயிடம்.
தாய் கன்னத்தில் அறைகிறாள்.
சோற்றுத் தட்டு உருள்கிறது. பின்னணியில் வயலின்.
தமிழ் படித்துக்கொண்டே பார்க்கிறவர்கள்
குழம்பிப் போவார்கள்:
தோழி இருந்ததற்கா இந்த அடி?

ஆறாம் படிவத்தில் அகத்திணை படித்தோம்.
பேச்செல்லாம் தோழிக்குத்தான்.
தலைவிக்காகப் பொய் சொல்வாள்,
செவிலியைச் சமாளிப்பாள்,
இரவுக்குறியில் இருட்டுக்குக் காவல் நிற்பாள்.
ஐந்து நிலத்திலும் அவளுக்கென்று ஒரு பூ இல்லை.
கல்யாணத்துக்குப் பிறகு தோழி
எந்த வீட்டுக்குப் போய்ப் படுத்தாள் என்று கேட்டேன்.
தேர்வுக்கு வராது என்றார்கள்.

லீலா தாதி. பெரியாஸ்பத்திரி எலும்பு வார்டு.
முழுப்பெயர் புஷ்பலீலா;
அவள் அடையாள அட்டைக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.
வீட்டுக்காரரிடம் சித்தி மகள் என்று சொல்லியிருக்கிறோம்.
இரண்டு அறை, இரண்டு கட்டில்.
ஒன்றில் மடித்த துணி மட்டும் படுத்திருக்கும்.
யாராவது வருகிறார்கள் என்றால்
அந்தப் போர்வையைக் கலைத்துப் போடுவோம்.

தொடர் பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை.
வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றும்போதே கேட்பாள்:
"முடிவு நல்லதா?"

நேற்றுக் காலை அவளுக்குச் சேலை கட்டிவிட்டேன்.
மயில் கழுத்து நிறம். மடிப்பு நிற்கவில்லை.
மூன்று முறை எடுத்தேன்.
ஊக்கு என் வாயில் இருந்ததால்
இருவரும் பேச வேண்டியிருக்கவில்லை.
கொமுட்டர் ஏறிக் கிள்ளான் போனாள்,
சுங்கைப் பட்டாணியிலிருந்து வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்க.

மாலையில் ஒரே ஒரு செய்தி:
'ரொம்ப நல்ல மனுசன். அதான் கஷ்டம்.'

பிறகு அவள் அம்மா காணொளியில் வந்தார்.
கைப்பேசியை யாரோ ஒருத்தி பக்கம் திருப்பி
"இது நம்ம லீலாவோட கூட்டாளி" என்றார்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
சரியான சொல்லைத் தெரியாமல் சொன்னார்.

பன்னிரண்டாம் பாகத்தில் கடற்கரை.
பிம்மின் தாய் நாலே நிமிடத்தில் மனம் மாறுகிறாள்.
முப்பத்திரண்டு வெள்ளி.
நம் வீடுகளில் நாலு நிமிடத்தில்
அரிசிகூடக் கொதிக்காது.

ஆனாலும் அழுதேன்.
அழுததற்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

நாற்பத்தோராவது இடத்தில்
'தோழி'யை அழித்துவிட்டுக்
'கூட்டாளி' என்று அடித்தேன்.
பெட்டி சிவக்கவில்லை.
வட்டார வழக்கு என்று திரும்பி வரும்.
வரட்டும்.

மின்தூக்கி
பதினொன்றில் நிற்கிற சத்தம்.

பக்கத்து வீடு.