மடைச் சாவி

ஐந்தாம் வகுப்பில்
வாய்ப்பாட்டு அட்டைக்குக் கீழே
ரெண்டு முறுக்கு டின்.
மூடியில் பிளேடால் கீறிய வாய்.
மருதங்கண்மாய்ப் பாசன சங்கத்தில்
நூற்றுப்பதினேழு பட்டாதாரர்.
என் பெயர் தொண்ணூற்று நாலாவது,
கடைமடை, நாற்பது சென்ட்.

முதல் தீர்மானம்:
தலைவர் அவசரம் என்று அறிவித்தால்
அந்த அவசரம் ஏழாம் நாள் செத்துப்போகும்.
நீட்டிக்கக் கூட்டம் கூட்டிக் கேட்கணும்.
இரண்டாவது:
மடைக்கு இனி ரெண்டு பூட்டு.
ஒரு சாவி தலைவரிடம்,
ஒன்று கடைமடைக்காரரிடம்.

எழுதித் தந்தவர் மேலூர் கோர்ட் வாசலில்
டைப் அடிக்கிற சிக்கந்தர்.
'காலாவதியாகும்' என்றுதான் போட்டிருந்தார்.
வாசித்த ஜெயராக்கு
'செத்துப்போகும்' என்று மாற்றிவிட்டாள்.
எல்லாருக்கும் புரிந்தது.

ஒன்றைச் சொல்லிவிடணும்.
அந்தக் கார்த்திகை ராத்திரி
கரைமேல் அலை ஏறினபோது
யாரையும் கேட்காமல்
கடப்பாரையோடு போனவர் சேவுகமூர்த்திதான்.
கேட்டுக்கொண்டிருந்தால்
காலனியில் முப்பது வீடு மிதந்திருக்கும்.
மறுநாள் கை தூக்கினோம்.
நான் ரெண்டு கையும் தூக்கினேன்:
'ஆபத்து தீரும்வரை
மடையும் சாவியும் தலைவர் பொறுப்பு.'

தீர்ந்தது என்று யார் சொல்வது?
அதை எழுதவில்லை.

தண்ணீர் வடிந்தது.
கரையில் நெருஞ்சி பூத்தது.
அடுத்த மார்கழி, கதிர் பால் பிடிக்கிற நேரம்
மடை அடைத்துக் கிடந்தது. கேட்டோம்.
அவசரம் என்றார்.
கண்மாயில் கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது,
மீன் குத்தகை அவர் மச்சினருக்கு.
மறுவருஷம் வறட்சி. அவசரம்.
அதற்கு மறுவருஷம் பெரியாற்றுக் கால்வாயில்
கரை தளும்பத் தண்ணீர் வந்தது,
அதுவும் அவசரம்தான்.
என் நாற்பது சென்ட்டில்
எவன் ஆடோ மேய்ந்தது.

வரிசையில் எனக்கு முன்னால்
அவர் சம்சாரம் பஞ்சவர்ணம்.
"மழச் சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காந்துருவாரு.
தூக்கமே கெடையாது.
சாவி தலகாணிக்கு அடியில."
திரும்பாமலே சொன்னாள்.
அவள் சீட்டில் என்ன குறித்தாள் என்று
பார்க்கக் கூடாது.
பார்த்திருப்பேன், முதுகு மறைத்தது.

முதல் சீட்டைச் சட்டென்று குறித்தேன்.
ரெண்டாவதில் பேனா நின்றது.
அந்த ராத்திரி ரெண்டு பூட்டு இருந்திருந்தால்?
வெளியே யாரோ இருமினார்கள்.
குறித்துப் போட்டேன்.

நூற்றொன்பது ஓட்டு.
முதலாவது: எழுபத்தொன்று, முப்பத்தெட்டு.
ரெண்டாவது: ஐம்பத்தைந்து, ஐம்பத்து நாலு.
ஜெயராக்கு மூன்று தடவை எண்ணினாள்,
எச்சில் தொட்ட விரல் காய்ந்துபோனது.
சேவுகமூர்த்தி கரும்பலகையையே பார்த்தார்.
"சரி" என்றார்.

திண்டுக்கல்லிலிருந்து புதுப்பூட்டு வந்தது.
சாவியை யார் வாங்குறீங்க என்றபோது
கடைமடை முழுக்கச் சுவரைப் பார்த்தது.
ஓட்டுப் போடும்போது
சாவிக்கு ஒரு இடுப்பு வேணும் என்று
எவருக்கும் தோன்றவில்லை.
கடைசியில் நான் கை நீட்டினேன்,
இந்தத் தடவை ஒரு கை.

ஐப்பசி. ராத்திரி ரெண்டு மணி தாண்டி.
ஓட்டில் மழை கல்லாய் விழுந்தது.
முழித்துத்தான் கிடந்தேன்.
பத்து நாளாய் எனக்கும் தூக்கம் இல்லை.
போன் அடித்தது.
"கலுங்கத் தொட்டுருச்சு. வா."
அவ்வளவுதான்.

குடை மடங்கிப்போயிற்று, தூக்கிப் போட்டேன்.
வரப்பில் முழங்கால் வரைக்கும் சேறு.
ஒவ்வொரு எட்டுக்கும்
தண்ணீர் எத்தனை விரல் ஏறும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டே ஓடினேன்.
கரையில் ஒரு டார்ச்
எனக்காக அசையாமல் நின்றது.

அவர் பூட்டு ஏற்கெனவே திறந்து தொங்கியது.
என் கை நடுங்கி ரெண்டு தடவை சாவி தவறியது.
வெளிச்சத்தைக் கிட்டே பிடித்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
மடை திறந்து தண்ணீர் இரைந்த பிறகுதான்
வாட்சைத் துடைத்துப் பார்த்தார்.
"மணி மூணு அஞ்சு. குறிச்சுக்க" என்றார்.
"ஏழு நாளு இதுலருந்துதான்."