நானூற்று நான்கு

பவளராணி அக்காவுக்கு ஒரு பெயர் வேணுமாம்.
முறிகண்டியில் பஸ் நிற்கிற கால் மணித்தியாலத்துக்குள்
யன்னல் யன்னலாய்க் கச்சான் நீட்டினது போதுமாம்,
இனிக் கடல் கடந்தும் போகட்டுமாம் அவவின் கச்சான்.
"கடைக்குப் பேர் வைக்கிற மாதிரித்தானே, பிள்ளை?"

இல்லை அக்கா.
அங்கே வரிசையில் ஏழு கடைக்கும் ஒரே பிள்ளையார் பெயர்,
ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.
இதில் உலகத்தில் ஒரு ஆளும்
அந்தப் பெயரைத் தொட்டிருக்கக் கூடாது.

மாங்குளத்தில், மோட்டார் வைண்டிங் கடைக்கு மேலே என் அறை.
கீழே செப்புக்கம்பி சுற்றுகிறார்கள்.
டொங்கிளை யன்னல் கம்பியில் கட்டி
வடக்கே திருப்பினால் இரண்டு கோடு சிக்னல்.

இருபத்தாறு வரியில் ஒரு நிரல்:
பெயரை எடு, பதிவேட்டிடம் கேள்.
இருநூறு என்று பதில் வந்தால்
யாரோ வைத்திருக்கிறார்கள்.
நானூற்று நான்கு என்றால்
அப்படி ஒரு பெயரே இல்லை,
ஆகவே அது உனக்கு.

சிக்கல் முறிகண்டிதான்.
றிகரத்துக்கு ஐ போடுவதா யூ போடுவதா,
நடுவில் கேயா ஜீயா,
முடிவில் ஐயா வையா,
கச்சானுக்குள் எத்தனை எச்.
ஆங்கில எழுத்து அத்தனையையும் வரிசையில் நிறுத்தினாலும்
ஒரு றகரம் தேறாது.
பெருக்கிப் பார்த்தேன்: இருபத்துநாலு முறிகண்டி.

அவசரப்பட்டு ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.
நானூற்று இருபத்தொன்பது என்றது பதிவேடு:
கனக்கக் கேட்கிறாய், பொறு.
ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே
மூன்று வினாடி தூங்கு என்று ஒரு வரி சேர்த்தேன்.
கச்சேரி வாசலில் நமக்குப் பழகின வரிதான்,
அங்கே அதை வினாடியில் எழுதுவதில்லை.

இல்லை.
இல்லை.
இல்லை.
திரையைப் பார்க்கப் பார்க்க அக்காவின் முகம் சுருங்கியது.
"என்ன பிள்ளை, எல்லாத்துக்கும் இல்லையெண்டுது?"
இல்லையென்றால் நல்லது அக்கா.
"இல்லையெண்டா நல்லதோ?"
சிரித்துச் சிரித்து அவவுக்குப் புரையேறியது.

எச் கூடினதையே எடுத்தா,
பார்க்க நிறையக் கச்சான் கிடக்கிற மாதிரி இருக்காம்.

அவ போன பிறகு, நிரல் சும்மா கிடந்தது.
அப்பாவின் பெயரைக் கொடுத்தேன்.

இராசநாயகம்.
அடையாள அட்டையில் ஜே போட்ட இராசநாயகம்,
முகாம் அட்டையில் ஐயில் தொடங்குகிற இராசநாயகம்,
காணிப் பெர்மிட்டில் எஸ்.
மூன்றும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி கேட்கிறார்கள்.
அந்த ஒரே ஆள்
ரயில் கடவையில் இரவு வேலை,
இந்நேரம் படலை போல அந்தக் கம்பத்தை
இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பார்.

ஜே, நானூற்று நான்கு.
ஐ, நானூற்று நான்கு.
எஸ்.
இருநூறு.

திறந்தேன். வெறும் பக்கம்.
நடுவில் அப்பாவின் பெயர்,
பெர்மிட்டில் உள்ள அதே எழுத்து பிசகாமல்,
கீழே விற்பனைக்கு என்று, இரண்டாயிரத்து நானூறு டொலர்.
பெர்மிட் காணியை விற்க ஏலாது.
அதன் ஆளை விற்கலாம் போல.

விடிய வந்த அப்பாவிடம் காட்டினேன்.
தொப்பியைக் கழற்றாமல் குனிந்து பார்த்தார்.
"அவ்வளவு போகுமோ?" என்றார்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.

நான் விலை பேசவில்லை.
காலாவதித் திகதியை மட்டும் குறித்துக்கொண்டேன்,
ஆவணி பதினாறு.
அதற்குப் பிறகும் சில கிழமை தவணை உண்டாம்.
நிரல் நாளுக்கு ஒருக்கால் எழும்பிக் கேட்கும்,
மூன்று வினாடி பொறுக்கும்,
திரும்பப் படுக்கும்.