செம்மை

அது ரத்தம் இல்லை.
கெயோஸ் தீவுப் படகில் வந்த செங்காவி.
அத்திப்பால் சில சொட்டு, முட்டையின் வெள்ளை,
கல்லில் வைத்து மூன்று நாள் இழைத்தேன்.
இழைத்தவளுக்குத் தெரியாதா?
ரத்தம் காய்ந்தால் கறுத்துப்போகும்.
இது இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

நாலு பக்கமும் இழைத்த கட்டைகள்,
சட்டத்துக்குள் படுத்தபடி சுழல்பவை.
ஸ்மிக்கித்தோஸ் உளியால் வெட்டுவான்,
வெட்டும்போதே முணுமுணுப்பான்.
பள்ளத்தில் நான் சிவப்பை நிரப்புவேன்.
ஒரு வரி இடமிருந்து வலம்,
அடுத்தது வலமிருந்து இடம்,
ஏர்மாடு திரும்புகிற மாதிரி.

எனக்குப் படிக்கத் தெரியாது.
ஆனாலும் ஓர் எழுத்தை என் விரல் தெரிந்துகொண்டது:
நாலு ஆரக்கால் வைத்த குட்டிச் சக்கரம்.
எந்தப் பக்கம் திருப்பினாலும் அது.
"இதற்குத்தான் காவி அதிகம் செலவாகிறது" என்றேன்.
"சாவு அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது" என்றான்,
மரத்தூளை ஊதிக்கொண்டே.

முட்டைக்குக் கணக்குக் கேட்டார்கள். எழுபது.
எண்ணிப் பார்த்து, கூலியாக
ஆறு இரும்புக் கம்பி தந்தார்கள்.

பார்லி அறுப்புக்கு முந்தைய மாதம்
லம்பித்தோஸ் பிடிபட்டான்.
ஒரே ஒரு முட்டைக்கோஸ்.
வெளி இலையைப் பூச்சி அரித்திருந்தது.
சாட்சியாக அதைக் கல்மேல் வைத்திருந்தார்கள்,
வெயிலில் வாடிக்கொண்டிருந்தது.
அவன் அதைத் தின்னவே இல்லை.

யாரோ கட்டையைத் திருப்பினார்கள். அச்சு கிறீச்சிட்டது.
எண்ணெய் விடச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன்!
நின்ற பக்கத்தில் என் கைவேலை,
ஓரிடத்திலும் கசியாமல்,
சக்கரம் மட்டும் பளிச்சென்று.

சட்டம் தந்தவரை நான் பார்த்ததில்லை.
பெயர் தெரியும். திராக்கோன்.
பாம்பு என்று பொருள்.
வேரைக் கிளறினால், உற்றுப் பார்ப்பது.
தொட்டிலில் கண்கொட்டாமல் கிடந்த பிள்ளைக்கு
அம்மா ஆசையாய் வைத்திருப்பாள்.

அந்த மழைக்காலத்தில் மீன் வாங்கப் போனேன்.
ஒரு கூடை நெத்திலிக்கு இரண்டு கம்பி என்றான்.
எனக்கு முன்னால் நின்றவள்,
லம்பித்தோஸின் கொழுந்தியாள் என்று நினைக்கிறேன்,
"என்னய்யா, திராக்கோன் விலையாகச் சொல்கிறாய்?" என்றாள்.
நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவனும் சிரித்து, ஒரு கை கூடப் போட்டான்.
அவள் மட்டும் சிரிக்கவில்லை.

*

இவளை நான் கற்பனை செய்தேன்.
அகராதியில் அந்தப் பெயர் இருக்கிறது,
ஆளைக் கழற்றிப் போட்டுவிட்டுப்
பெயரடையாக உட்கார்ந்திருக்கிறது:
மிகக் கடுமையான, ஈவிரக்கமற்ற.
எத்தனையோ நாட்டு நாக்குகளில்
இறங்கி ஏறி வந்திருக்கிறது.
மீன் விற்றவனும் வாங்கியவளும்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

என் மொழியில் சட்டம் என்றால்
மரச்சட்டமும்தான்.
செம்மை என்றால் சிவப்பு, நேர்மையும் அதுவே.
இரண்டும் ஒரே சொல்லில் குடியிருப்பது
எனக்கு எப்போதும் பெருமையாக இருந்தது,
இவள் நகக்கண்ணைப் பார்க்கும்வரை.

மீந்த காவியை என்ன செய்தாய், நிகாந்திரே?
கோழிக்கூட்டுக் கதவுக்குப் பூசினேன் என்கிறாள்.
எழுபது முட்டையும்
என் கோழி போட்டதுதானே.