அளவெடுக்கும்போது பேசக் கூடாது

ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர் பெட்டி,
மூன்று கம்பெனி, நான்கு ரிமோட்.
முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகளை
ஒரே பந்தியில் உட்காரவைக்கிற வேலை என்னுடையது.
காட்பாடி, காந்தி நகர், மாடி வீடு,
கத்திரி தொடங்கி ஒன்பதாம் நாள்.

கட்டும்போதே சுவருக்குள் பைப் விட்டிருக்க வேண்டும்.
"எலக்ட்ரீஷியன் மறந்துட்டான் தம்பி" என்றார் ஞானசிகாமணி,
வீடு கட்டிய எல்லோரும் சொல்கிற அதே குரலில்.
ஆகவே பின்பக்க ஒயர்கள்
கதவு நிலையைச் சுற்றி,
வேத வசன காலண்டருக்குப் பின்னால் ஒளிந்து,
ஷோகேஸின் ஷட்டில் கோப்பைகளைத் தாண்டிப் போகின்றன.
இம்தியாஸ் ஏணிமேல் நின்று பல்லால் ஒயர் சீவுகிறான்.
சிவப்புக் கோடு போட்டது பிளஸ்.
மாற்றிக் கொடுத்தாலும் சத்தம் வரும்,
வயிறு இல்லாமல் வரும்.

டிவிக்கு நான்கு துளை. ஒன்றுதான் சரியான துளை.
அதில் அவர் ஏற்கெனவே
டிஷ் பெட்டியைச் செருகி, டேப் சுற்றி,
"தொடாதே" என்று எழுதியும் வைத்திருந்தார்.
தொட்டேன்.

கடைசியாக மைக்.
கோழிமுட்டை அளவு, முக்காலிக் கம்பியின் தலையில்.
அவர் சாய்கிற சோபாவில், அவர் காது இருக்கும் உயரத்தில்.
மெஷின் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஊளையிட்டு
எது எவ்வளவு தூரம் என்று தானே கணக்குப் போடும்.
அதுவரை ஃபேன் கூடாது, ஏசி கூடாது,
பேச்சு கூடவே கூடாது.

முதல் தடவை குக்கர் விசில்.
இரண்டாவது, ஜோலார்பேட்டைப் பக்கம் போகிற சரக்கு வண்டி,
ஐம்பத்தெட்டுப் பெட்டி, இம்தியாஸ் எண்ணினான்.
மூன்றாவது, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்
என்று ஆட்டோவில் ஒரு ஒலிபெருக்கி.
"வெளிச்சத்தம் அதிகம்" என்று திரையில் எழுதியது மெஷின்.
இந்த ஊரில் பிறக்கவில்லை அது, பாவம்.

நான்காவது தடவை எல்லோரும் சிலை.
மூக்கு நுனியில் வியர்வை.
சொட்டினால் அதையும் அளக்குமோ என்று பயம்.
ஊஊப். ஊஊப்.
முன் இடது, இரண்டு புள்ளி நான்கு மீட்டர்.
பின் வலது, ஆறு மீட்டர் என்றது.
பொய். அந்தச் சுவரே மூன்றரைதான்.
டேப் வைத்துத் திருத்தினேன்.

"அடுத்து உட்காருபவர் இடத்தில் மைக்கை வைக்கவும்."
"வேற யார் சார் பார்ப்பாங்க?"
"நான் மட்டும்தான். அவளுக்கு இதெல்லாம் ஆகாது."

சமையலறை வாசலில் பியூலா அக்கா.
ஒன்றும் சொல்லவில்லை.
அவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.
அதன் நான்கு கால்களும் மொசைக் தரையில்
நான்கு வெளுத்த வட்டம் போட்டிருந்தன.
ஒரு வருஷத்து வட்டமில்லை அது.

நான் பார்த்ததை இம்தியாஸும் பார்த்தான்.
கேட்காமலே முக்காலியைத் தூக்கிப்போய் ஸ்டூலில் வைத்தான்.
மெஷினுக்கு அது யார் இடம் என்று தெரியாது.
ஊஊப் என்றது. ஏற்றுக்கொண்டது.

போட்டுப் பார்த்தோம்.
பீரோமேல் இருந்த சூட்கேஸ் அதிர்ந்தது,
அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
"என் பக்கம் கொஞ்சம் குறையுதே தம்பி."
"குறையத்தான் சார் செய்யும்."

அக்கா ரிமோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இடி, சண்டை எல்லாம் இருக்கட்டும்.
அவங்க பேசறது மட்டும் கேக்க எந்த பட்டன்?"
நடு ஸ்பீக்கரை மூன்று புள்ளி ஏற்றிக் காட்டினேன்.
நெயில் பாலிஷ் கொண்டுவந்து
அந்தப் பட்டனில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டார்.

ஐந்நூறு குறைத்துத்தான் கொடுத்தார் சிகாமணி.
மேம்பாலத்தில் டிராஃபிக்.
டிரில் மெஷினை மடியில் வைத்தபடி
பின்னாலிருந்து கத்தினான் இம்தியாஸ்:
"ண்ணா, அந்த ரெண்டாவது அளவு எடுக்கும்போது
அடுப்புல எண்ணெய் காஞ்சினு இருந்துச்சு.
அதையும் சேத்து அளந்திருக்கும்ல?"