மூன்று ஆண்டு ஏழு மாதம்

சுங்கை காடுட்டில் பழைய லாரி விற்கும் திரு. கோ
எஞ்சினைக் காட்டவில்லை, டயரைத் தட்டவில்லை.
காகிதத்தைத்தான் முதலில் நீட்டினார்:
சிஓஇ இன்னும் மூன்று ஆண்டு ஏழு மாதம்.
இந்த ஊரில் லாரியை யாரும் வாங்குவதில்லை.
மிச்சமிருக்கும் காலத்துக்குப் பணம் கட்டுகிறோம்,
இரும்பு கூடவே வருகிறது.

பதினான்கு அடி, மூடிய பெட்டி.
ஸ்டிக்கரை உரித்த இடம் மட்டும்
வெயில் படாத வெள்ளையில்
பழைய எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தது.
ஏதோ ஒரு மெத்தைக் கம்பெனி,
எட்டு இலக்கத் தொலைபேசி எண்.
அழைத்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லையாம்.

"உள்ளே ஏறிக் கதவைச் சாத்து" என்றான் மீரான்,
இரண்டு லாரி வாங்கி இரண்டிலும் ஏமாந்தவன்.
"வெளிச்சம் வருகிற வழியில்தான் மழையும் வரும்."

சாத்திக்கொண்டேன்.
பஞ்சு வாசனை. பிறகு, வெக்கை.
அண்ணாந்தால் தகரத்தில் மூன்று வெள்ளிப் புள்ளி,
கண் பழகியதும் நான்காவது.
சுவரில் யாரோ பென்சிலால் போட்ட கணக்கு
விரலுக்குத் தட்டுப்பட்டது, படிக்க முடியவில்லை.
ஒரு நிமிடம் இருந்திருப்பேனா?
சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

வெளியே வந்து நான்கு விரல் காட்டினேன்.
ஓட்டைக்கு நூறு வெள்ளி வீதம்
பெருமூச்சோடு குறைத்தார் கோ.

காக்கி புக்கிட்டில் இத்ரிஸின் பட்டறை.
நான்கையும் சிலிக்கான் வைத்து அடைத்த கையோடு
பக்கச் சுவரில் ஆறு இடுக்கு வெட்டச் சொன்னேன்,
பெட்ரோல் ஆவி வெளியேற.
ஓட்டைக்காக விலை பேசியவன்
ஓட்டை போடக் கூலி கொடுப்பதைக் கண்டு
இத்ரிஸ் முகமூடிக்குள் சிரித்தார்.

புல்வெட்டிகள் ஐந்தும் நின்றபடி வர ஒரு சட்டம்;
தேசிய சேவையில் துப்பாக்கிகளை
இப்படித்தான் அடுக்கி எண்ணுவோம்.
கேனுக்குக் கூண்டு. உருட்டி ஏற்ற அலுமினியப் பலகை.
மெத்தைகள் வழுக்கி நகர்ந்த மரத்தரையைப் பெயர்த்து
சொரசொரப்புத் தகடு,
ஈரப்புல் வடிய மூலையில் ஒரு துளை
(ஏழாவது, என்று எண்ணினார் இத்ரிஸ்).

பிறகு கேட்டார்:
"ஆளுங்க உட்கார ஒரு பெஞ்ச் அடிக்கவா?
கதவை ஒரு சாண் திறந்து கட்டினால் காத்து வரும்."

சட்டம் விடாது என்றேன்.
சட்டத்தைச் சொல்வது சுலபமாக இருந்தது.
முதுகில் ஒட்டிய சட்டையைச் சொல்ல வாய் வரவில்லை.
பழைய முதலாளியிடம் நான் கணக்கு எழுதிய நாட்களில்
முன்னிருக்கையில் குளிரூட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு
பின்னால் பதினோரு பேர் என்று குறித்தவன்தானே.

நாங்கள் நான்கு பேர். முன்னால் மூன்று இருக்கை.

வேல்மயில் ஓட்டுகிறான்.
நடுவில் ரஃபிகுல், கியர் தண்டு முட்டியில் இடிக்க.
சன்னலோரம் செல்லப்பாண்டி,
ஏறியதும் தூங்கிவிடுவான்.
நான் கிராஞ்சியிலிருந்து 170-இல் வருகிறேன்.
தியாகம் ஒன்றுமில்லை;
புல்லைப் பற்றிப் பேசத்தான் வீட்டுக்காரர்களுக்கு நான் வேண்டும்,
புல்லுக்கு வேண்டாம்.
பக்கத்து இருக்கைப் பெண் மட்டும்
என் பூட்ஸைப் பார்த்துவிட்டுக் காலை இழுத்துக்கொள்கிறாள்.

பச்சை வண்ணம் இரண்டு பூச்சு அடித்தாயிற்று.
ஆனாலும் மழை நனைத்த காலைகளில்
அடியிலிருந்து அந்த எழுத்துகள் எட்டிப் பார்க்கின்றன.
சிக்ஸ்த் அவென்யூவில் ஒரு கிழவர்
வாசல்வரை வந்து சொன்னார்,
நாங்கள் மெத்தை எதுவும் கேட்கவில்லையே.

புக்கிட் தீமா சாலையில் பேருந்து சிவப்பில் நிற்க
பக்கத்துத் தடத்தில் வந்து நிற்கிறது.
மூன்று தலை, ஒன்று கண்ணாடியில் சாய்ந்து.
ரஃபிகுல் என்னைப் பார்த்துவிட்டான்,
தூங்குகிறவனை இடித்து எழுப்புகிறான்.
வேண்டாம் என்று கையசைக்கிறேன்.
அவன் அதை வணக்கமாக எடுத்துக்கொண்டு
திருப்பிக் கையசைக்கிறான்.

மூன்று ஆண்டு நான்கு மாதம்.
விளக்கு பச்சைக்கு மாறுகிறது,
லாரிக்கு முதலில்.